மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சி

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் தொண்டையைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா, உன் அறையில் மழைத்தண்ணீர் ஒழுகுவது நின்றதா என்று எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் அந்தச் சிவப்புப் பென்சிலை விடமாட்டேன் என்கிறார். நேற்று மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளில் நாலு பிழை கண்டுபிடித்து, திருத்தி, அதை மருந்துக் கடைக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்தியவர், சும்மா இருக்கச் சொன்னால் இருப்பாரா?

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது.

இனி என் வயிற்றெரிச்சல். இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எனக்கு வந்திருக்கிறது. பாடத்தில் வைத்திருக்கிற பழைய நாடகம் எது தெரியுமா? நீ கல்லூரியில் படித்தபோது மொட்டைமாடியில் எல்லா வேஷத்தையும் நீயே போட்டு எனக்குப் படித்துக்காட்டினாயே, தலைமை நீதிபதி சொந்த மகனையே நாடுகடத்துகிற கதை, அதேதான். போகிற அன்று மகன் தெருவில் நின்று அப்பாவின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஜன்னல் திறக்காது. அவன் போய்விடுவான். மூன்றாம் அங்கம் அதோடு முடியும். அந்த இடம் வந்ததும் நீ புத்தகத்தை மூடிவிட்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாய்.

பாடப்புத்தகத்தில் முழு நாடகம் இல்லை. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் வெட்டிப் போட்டுவிட்டு, மூன்றாம் அங்கத்துக்கு 'ஆசிரியர் விளக்கவும்' என்று ஒரே வரி. பள்ளி நூலகத்து அலமாரியில் முழுப் புத்தகம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை வைத்துத்தான் ஜூன் மாதம் முழுக்கத் தொண்டை கிழிய வாசித்தேன். போன வாரம் தேர்வு வைத்தேன். 'மூன்றாம் அங்கத்தில் தந்தையும் மகனும் பிரிவதை விவரி.' நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? நீதிபதிக்கு மூன்று நாள் காய்ச்சலாம். காய்ச்சலோடு எழுந்து வந்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மகன் தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தானாம். இது மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சியாம். மூன்றாம் அங்கத்தில் இருப்பதே நாலு காட்சி, அண்ணா. நாடகம் முழுக்கத் தேடினாலும் எவனுக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

விசாரித்தால் எல்லாம் அந்த மஞ்சள் அட்டை நோட்ஸ். "அதுலதான் டீச்சர் போட்டிருக்கு" என்கிறார்கள், நான் என்னவோ அதைப் படிக்காதது தப்பு என்கிற மாதிரி. அதை என் கையால் தொடமாட்டேன் என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். நீ அங்கே பதிப்பகத்தில் அகராதி வேலை பார்க்கிறவன், இந்த உலகம் உனக்குத் தெரியும். இந்த நோட்ஸை எழுதின மகானுபாவன் யாரென்று விசாரித்துச் சொல். நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 29

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றும் இல்லை. நான் சௌகரியமாக இருக்கிறேன். ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருக்கிறேன், எனக்கும் அதற்கும் இப்போது நல்ல பழக்கம். தொண்டைக்கு வெந்நீர் குடி. வகுப்பில் கத்தாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

நோட்ஸ் எழுதுகிறவர்கள் யாரென்று வெளியே தெரியாது. அட்டையில் 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று போட்டிருப்பார்கள். குழு என்றால் ஒரு மேசை, ஒரு ஆள், பாதி நாள் சுற்றாத ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். மே மாதத்துக்குள் ஒன்பது புத்தகம் முடித்துத் தரச் சொல்வார்கள். ஆங்கிலத்தை முடித்த கையோடு புவியியல் எழுத வேண்டும். அவனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டு உனக்கு என்ன ஆகப்போகிறது, பாவம்.

அந்தக் காட்சியைப் பிள்ளைகள் எப்படி எழுதியிருந்தார்கள்? அந்த இடம் அவர்களுக்குப் பிடித்திருந்ததா, வெறும் மனப்பாடம்தானா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

அண்ணன்

*

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தொண்டை அப்படியேதான் இருக்கிறது. அப்பா சாயங்காலம் அரைமணி நடக்கிறார், கடைப் பெயர்ப்பலகைகளில் பிழை பொறுக்கிக்கொண்டு வருகிறார். உன் இருமல் எப்படி? போன வருஷம் இந்த மாதம்தான் படுத்துவிட்டாய்.

நீ யார் பக்கம் என்று எனக்குப் புரியவில்லை. இல்லாத காட்சியை எழுதினவன் பாவம், என் நாற்பத்திரண்டு பேர் பாவம் இல்லையா? பிடித்திருந்ததா என்று கேட்கிறாய். நாற்பத்தொரு பேரும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறார்கள். பிடித்துப்போய் எழுதின மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மிச்சமிருக்கிற ஒருத்தி தையல்காரர் மகள். அவள் அப்பா எங்கள் பள்ளிக்கு எதிரில் சீருடை தைக்கிறவர். இவள் நூலகத்து முழுப் புத்தகத்தையும் என்னிடம் கேட்டு வாங்கிப்போய், பதினைந்து நாள் வைத்திருந்து, அட்டை பிய்ந்திருந்ததை நூல் கோத்துத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டுமாம். "பெயிலாகிப் போனாலும் பரவால்ல, மார்க் மட்டும் வாங்கிடணும் டீச்சர்" என்றாள். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரிப்பு வந்தது.

போன செவ்வாய்க்கிழமை வகுப்பில் மூன்றாம் அங்கத்தை நடித்துக் காட்டச் சொன்னேன். எங்கள் வகுப்பு ஜன்னல் துருப்பிடித்து எப்படியும் திறக்காது, அதனால் செட்டுக்குக் குறையே இல்லை. பையன்கள் ஒருத்தனும் மகனாக வரமாட்டேன் என்றான்கள். தையல்காரர் மகள் எழுந்து வந்தாள். வெளியே நடையில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜன்னலையே பார்த்தாள். வசனம் எதுவும் இல்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். கெக்கேபிக்கே என்று சிரித்துக்கொண்டிருந்ததெல்லாம் அடங்கிப்போனது. எனக்கு மொட்டைமாடி ஞாபகம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை அந்தப் பக்கம் வர வேண்டுமா? "ஏம்மா வெளிய நிக்கிற, என்ன தப்பு பண்ணின?" என்று அவளைக் கேட்டார். பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நாடகமெல்லாம் ஆண்டு விழாவுக்கு வச்சுக்கோங்க டீச்சர். போன வருஷம் இங்கிலீஷ்ல எழுபத்தொம்பது பர்சன்ட்தான். அந்த மஞ்சள் நோட்ஸையே டிக்டேட் பண்ணிடுங்க, உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." அவருக்கு முன்னால் மேசையில் அந்தப் புத்தகம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லாமல் வந்ததுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அன்றைக்குப் போகும்போது தையல்காரர் மகள் ஒன்று கேட்டாள். "டீச்சர், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் நின்னுக்கிட்டு இருந்தாரா, இல்ல தூங்கிட்டாரா? புக்ல போடலியே." புத்தகத்தில் இல்லையென்றால் நமக்குத் தெரியாது என்று அர்த்தம் என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது, அவளிடம் சொல்கிறேன்.

உன் தங்கை

*

அக்டோபர் 27

அன்புத் தங்கைக்கு,

இருமல் இந்த வருஷம் என் பக்கம் வரவில்லை. உன் தொண்டையை டாக்டரிடம் காட்டு, இது ஓர் அண்ணனின் உத்தரவு.

அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்தேன். தூங்கிவிட்டார் என்று சொல். போகிறவனுக்கு அதுதான் சௌகரியம். உள்ளே நின்றுகொண்டிருந்தார், இருந்தும் திறக்கவில்லை என்று ஒருவன் நினைக்க ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க அந்தத் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். பொதுத்தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் நோட்ஸில் இருப்பதையே எழுதச் சொல் அவளிடம். திருத்துகிறவர்கள் நாடகத்தைப் படித்துவிட்டா திருத்துகிறார்கள்? ஒரு நாளைக்கு நாற்பது தாள். அந்த மஞ்சள் அட்டை இல்லையென்றால் அதைப் பார்த்துக் காப்பியடித்த பச்சை அட்டை, நீல அட்டை. எல்லாவற்றிலும் அந்தக் காட்சி இருக்கும். நாடகம் எங்கேயும் ஓடிப்போகாது, கல்லூரிக்குப் போய் ஆற அமரப் படித்துக்கொள்ளட்டும். இப்போது அவளுக்கு வேண்டியது மார்க்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

*

நவம்பர் 2

அண்ணா,

இங்கே சுகம். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்ல இந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவர்தான் இருக்கிறார். அவரிடம் சொல்லவா வேண்டாமா என்று நீ தெளிவாக எழுதினால் சொல்கிறேன். பதினோரு வருஷமாக இந்த 'எல்லோரும்' என்கிற வார்த்தைக்குள் அவரை ஒளித்து வைத்திருக்கிறாய்.

இந்த நாடகத்துக்காகத்தான் கடைசி வருஷப் படிப்பை விட்டாய். இதை மேடையேற்றப் போகிறேன் என்று ஒரு குழுவோடு கிளம்பினாய். அப்பா போகாதே என்றார், நீ போனாய். அந்தக் குழு ஒரு வருஷத்தில் கலைந்தது வேறு விஷயம். அப்படிப்பட்டவன் இன்றைக்கு எனக்குச் சொல்லித்தருகிறாய், பொய்யை எழுதச் சொல் என்று. என் தலைமையாசிரியை சொன்னால் எரிச்சலாக இருந்தது. நீ சொன்னால் அவமானமாக இருக்கிறது.

வகுப்பில் சொல்லிவிட்டேன். மூன்றாம் அங்கத்தில் நாலு காட்சி, ஜன்னல் திறக்கவில்லை, அதைத்தான் எழுத வேண்டும். இனிமேல் நாடகத்தைப் பற்றி உனக்கு எழுதமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

ஜனவரி 3

அன்புத் தங்கைக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் என்றால் அதையாவது எழுது. உன் மௌனத்தைவிட உன் வாய் எவ்வளவோ மேல்.

இங்கே மழை விட்டுவிட்டது. வாளியை எடுத்து வைத்துவிட்டேன்.

அண்ணன்

*

மே 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏழு மாதமாக எழுதாதவள் இப்போது எழுதினால் காரியமாகத்தான் எழுதுவாள் என்று நீயே புரிந்துகொண்டிருப்பாய்.

பொதுத்தேர்வு முடிவு வந்துவிட்டது. பள்ளிக்குத் தொண்ணூற்றிரண்டு பர்சன்ட், தலைமையாசிரியை கேக் வெட்டினார். நாடகத்துக்கான பதினைந்து மார்க் கேள்வி எது தெரியுமா? மூன்றாம் அங்கத்தில் தந்தையும் மகனும் பிரிவது. நாற்பத்தொரு பேர் என் பேச்சைக் கேட்கவில்லை, நோட்ஸில் இருந்ததை எழுதினார்கள், தப்பித்தார்கள். கேட்டவள் ஒருத்திதான். தையல்காரர் மகளுக்கு அந்தக் கேள்வியில் பூஜ்யம். மற்ற பாடங்களிலெல்லாம் அள்ளியிருக்கிறாள். இலக்கியப் படிப்புக்கு ஆங்கிலத்தில் அவளுக்கு ஆறு மார்க் குறைகிறது. ஆறு.

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். 'ஜன்னல் திறக்கவில்லை. அவர் உள்ளே நின்றாரா என்பதை நாடகம் சொல்லவில்லை. சொல்லாததால்தான் நமக்கு வலிக்கிறது' என்று முடித்திருந்தாள். அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் 'ஐந்தாம் காட்சி எழுதப்படவில்லை.'

அவள் அப்பா அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்கப் பள்ளிக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "என்ன பண்ணலாம் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். அவள் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னதத்தான் டீச்சர் எழுதினேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி சொன்னாள். அக்டோபரில் நீ எழுதினதைக் கேட்டிருந்தால் அவளுக்குச் சீட் கிடைத்திருக்கும். இதை எழுத எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உனக்குத் தெரியும்.

மறுமதிப்பீட்டு அலுவலகத்துக்கு மூன்று நாள் அலைந்தேன். முதல் நாள் ஆள் இல்லை. இரண்டாம் நாள் படிவம் இல்லை. மூன்றாம் நாள் ஓர் அதிகாரி நான் கொண்டுபோன முழுப் புத்தகத்தை வாங்கி, பின்னட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மேடம், பழைய நாடகம்னா நாலஞ்சு பிரதி இருக்கும். ஒண்ணுல நாலு காட்சி இருக்கும், இன்னொண்ணுல அஞ்சு இருக்கும். மார்க்கெட்ல இருக்கற மூணு நோட்ஸ்லயும் அஞ்சுன்னுதான் இருக்கு. எங்க விடைக்குறிப்பும் அதான். மூணு பேர் சேர்ந்து பொய்யா சொல்வாங்க?" என்றார். என்ன கொண்டுவந்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டேன். அந்தக் காட்சி தவறு என்று நோட்ஸ் போட்டவர்களே எழுதிக் கொடுத்தால் பார்க்கலாமாம். கடைசி நாள் ஜூன் இருபது.

அண்ணா, அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான். அந்தப் பதிப்பகத்துக்கு நடந்துபோ. அதை எழுதினவரைப் பார். காலில் விழ வேண்டுமென்றால் எனக்காக விழு.

உன் தங்கை

*

ஜூன் 6

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் நடக்காத காரியத்தைக் கேட்கிறாய். எந்தப் பதிப்பகமும் தன் புத்தகத்தில் பொய் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுத் தராது. எழுதினவன் தரலாம், தந்தால் அன்றோடு அவன் வேலை போய்விடும். அப்படித் தந்தாலும் அந்த அதிகாரி ஒப்புக்கொள்வார் என்று என்ன நிச்சயம்? அந்தப் பெண் வேறு ஏதாவது படிக்கட்டுமே. அடுத்த வருஷம் மறுபடி எழுதட்டுமே. விசாரித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும்.

அண்ணன்

*

ஜூன் 9

அண்ணா,

இங்கே சுகம்.

தொடமாட்டேன் என்று சபதம் போட்டிருந்த மஞ்சள் அட்டை நோட்ஸை நேற்றுக் கடையில் வாங்கினேன். மனு எழுதுவதற்குப் பக்க எண் வேண்டியிருந்தது. கடைசியில் தமிழில் கதைச் சுருக்கம் போட்டிருக்கிறார்கள், நூற்றெழுபத்தெட்டாம் பக்கம். 'நீதிபதிக்கு வழக்கமான மூன்று நாள் காய்ச்சல் வந்தது. அதாவது, யாரோடும் பேசவில்லை.'

அப்பா கோபித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும்போதெல்லாம் அம்மா இதைத்தான் சொல்வாள். "உங்க அப்பாவுக்கு மூணு நாள் காய்ச்சல், கிட்டப் போகாதீங்க." அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். இந்த வார்த்தை தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இப்போது மூன்று பேர். நான் எழுதவில்லை. அப்பா எழுதவில்லை.

கடைசி நாள் இருபதாம் தேதி. அந்த அலுவலகத்தின் விலாசம் தாளின் பின்னால் இருக்கிறது.

*

ஜூன் 13

அன்புத் தங்கைக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இத்துடன் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. நான்தான் எழுதினேன், மூல நாடகத்தில் மூன்றாம் அங்கத்துக்கு நாலு காட்சிகள்தான், ஐந்தாவது என் கற்பனை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். இன்னொரு நகலை நேரே அந்த அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். சாவியை மேசையில் வைக்கச் சொன்னார், வைத்துவிட்டேன். இனி அறைக்கு வாடகை கொடுக்க வேறு வழி பார்க்க வேண்டும், அது என் பாடு.

அகராதி வேலை என்று சொன்னது பொய். ஆரம்பத்தில் ஆறு மாதம் பார்த்தேன், அப்புறம் முழுக்க நோட்ஸ்தான். நாடகத்துக்காக வீட்டை விட்டுப் போனவன் நாடகத்தைச் சுருக்கி விற்கிறான் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

பொய்க் காட்சி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு நோட்ஸிலும் வேண்டுமென்றே ஒரு பொய்யை வைக்கச் சொல்வார். மற்ற கம்பெனிக்காரன் பார்த்துக் காப்பியடித்தால் அந்தப் பொய்யைக் காட்டி அவன் சட்டையைப் பிடிக்கலாம். ஒரு வேலைக்காரனுக்கு இல்லாத பெயர் வைப்பேன், ஒரு ஆற்றின் நீளத்தில் இரண்டு மைல் கூட்டுவேன். யாருக்கும் கெடுதல் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வைப்பேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாடகம் பாடத்தில் வந்தது. அன்றைக்கு என்னவோ கை நிற்கவில்லை. ஒரு காட்சியையே எழுதிவிட்டேன். பச்சை அட்டையும் நீல அட்டையும் அப்படியே காப்பியடித்தார்கள், முதலாளி அவர்களை மிரட்டி ராசியாகிவிட்டார், ஆனால் காட்சியை எடுக்க மூன்று பேருக்கும் மறந்துபோயிற்று. எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மறுபதிப்பு என் மேசைக்குத்தான் வரும். எடுக்க மனசு வரவில்லை.

நான் வீட்டை விட்டு வந்த காலை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாய். அப்பா உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மூணு நாள் காய்ச்சலின் இரண்டாம் நாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டைத் தாண்டி நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெறும் வாசலைத்தான் பார்ப்பேன் என்று நிச்சயமாகத் தெரியும், அதைப் பார்க்கத் தைரியம் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. காட்சியில் மட்டும் திரும்பிப் பார்க்க வைத்தேன், அவரையும் கேட் வரைக்கும் வர வைத்தேன். நூறாயிரம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். நடந்ததாக ஒவ்வொருவரும் எழுதினார்கள், மார்க்கும் வாங்கினார்கள். அது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது, அசிங்கம்தான்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நூலகப் புத்தகத்தைத் தைத்துக் கொடுத்தவள் என்று நீ எழுதினாயே, அதைப் படித்தபோதே நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா எப்படி இருக்கிறார்?

அண்ணன்

*

ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். தொண்டையும் சரியாகிவிட்டது, விடுமுறையில் ஒரு மாதம் யாரும் என்னிடம் 'எக்ஸாமுக்கு வருமா டீச்சர்' என்று கேட்காததுதான் மருந்து. புது வேலை ஏதாவது கிடைத்ததா? சமைத்துச் சாப்பிடுகிறாயா, டீயிலேயே ஓட்டுகிறாயா? உண்மையை எழுது.

உன் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. போகும்போது எழுதுகிறேன்.

தையல்காரர் மகளுக்குப் பதினைந்துக்குப் பதினொன்று போட்டார்கள். சீட் கிடைத்துவிட்டது, பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர். அவள் அப்பா எனக்கு ஒரு கைப்பை தைத்துக் கொண்டுவந்தார், சீருடைத் துணியில். ஆனால் அந்த அதிகாரி இருக்கிறாரே, உன் தாளை ஃபைலில் வைத்துக்கொண்டு, "இந்த ஒரு கேஸுக்குத்தான் மேடம், விடைக்குறிப்ப மாத்தணும்னா கமிட்டி கூடணும்" என்றார். கமிட்டி எப்போது கூடும் என்று கேட்டதற்கு, தலைவர் பதவி காலியாக இருக்கிறதாம். இந்த வருஷமும் அதே நாடகம், அதே மஞ்சள் அட்டை. புது வகுப்பில் ஐம்பது பேர், மேசைக்கு மேசை மஞ்சளாக இருக்கிறது. நான் மறுபடி முதல் அங்கத்திலிருந்து தொண்டையைக் கிழிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. சொல்கிறேன்.

நான் வாங்கின நோட்ஸ் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் முதல் பக்கத்திலிருந்து. அச்சுப் பிழை, ஒற்றுப் பிழை, விட்டுப்போன முற்றுப்புள்ளி, ஒன்றையும் விடவில்லை. பக்கத்துக்கு மூன்று நாலு சிவப்பு. எழுதினது யார் என்று நான் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. சாயங்காலம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நடக்கப் போய்விட்டார். அன்றைக்கு மட்டும் நடந்துவிட்டு வர ஒன்றரை மணி நேரமாயிற்று.

எடுத்துப் பார்த்தேன். நூற்றெழுபத்தெட்டாம் பக்கத்தில் 'மூன்று நாள் காய்ச்சல்' என்ற இடத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு, திருத்தம் இல்லை. அடுத்த பக்கம் ஐந்தாம் காட்சி. 'எழுந்து வந்தார்' என்பதைத் தொடவில்லை. 'வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்' என்பதையும் தொடவில்லை. அந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு திருத்தம்தான். 'மகன் தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.' கடைசி வார்த்தையை அடித்துவிட்டு, ஓரத்தில் அவருடைய அந்தக் குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'பார்க்கவில்லை.'

நீ யாரிடமும் சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய், அண்ணா.

அவர் திரும்பி வந்ததும் காப்பி கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அதப் போட்டவங்களுக்கு எழுதுவியா?" என்று கேட்டார். எழுதலாம் என்றேன். "அந்த ஒரு எடம்தான் தப்பு. அடுத்த பதிப்புல சரிபண்ணச் சொல்லு" என்றார்.

அந்தத் தாளைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை